வேறு யார் அழைக்கிறார்கள்?

"அக்டோபர் 19, செவ்வாய். காலை 7.10. வடகவுஞ்சியிலிருந்து போன். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, செய்தி வரவில்லை. கடைசியாக வந்தது 6.20க்கு. மழை: கனம்."

என் நோட்டில் உள்ள பதிவு இது. ஆண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஆண்டைச் சொன்னால் எங்கள் கம்பெனி எதுவென்று தெரிந்துவிடும். கம்பெனி தெரிந்தால் நான் இங்கே எழுதும் பெண் யாரென்றும் தெரிந்துவிடும். தன் பெயர் எங்கும் வருவதை அவர் விரும்புகிறவர் அல்ல.

நான் பழனியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். அச்சகத்தை மூடிய பிறகு, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்த சிறு கம்பெனியில் சேர்ந்தேன். மழை எவ்வளவு பெய்கிறது, சரிவில் மண் நகர்கிறதா என்று பார்த்து, கீழே குடியிருப்பவர்களை எச்சரிக்கும் பெட்டிகளை அங்கே செய்தார்கள். அவற்றுக்குத் தமிழில் கையேடு எழுதுவதும், பெட்டிகள் அனுப்பும் குறிப்புகளைத் தினமும் படித்துத் தேதிவாரியாக அடுக்குவதும் என் வேலை. முதலாளியையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். பெட்டிக்குள் ஓடும் கெர்னலை, அதாவது மற்ற எல்லா மென்பொருளையும் தாங்கி நிற்கும் அடிப்படைப் பகுதியை, நான் பெயர் சொல்லாத அந்தப் பெண்தான் பார்த்துக்கொண்டார்.

வயது முப்பத்தைந்து இருக்கும். பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொடைக்கானல் பக்கம் கேரட், பூண்டு வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அவர் பிறந்தது இங்கே. ஆனாலும் அம்மாவின் சொற்கள் அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை காலை நாங்கள் கூடி வேலை பிரித்துக்கொள்வதை அவர் 'பெரட்டு' என்பார். தோட்டத்தில் காலையில் ஆள் எடுத்து வேலை பிரிப்பதற்கு அதுதான் பெயராம். "அப்ப நான் கங்காணியா?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். "கங்காணி வெள்ளனே வந்துருவாரு சார்" என்றார் இவர். முதலாளி பத்தரைக்கு வந்திருந்தார்.

அவரை நினைத்தால் முதலில் என் காதில் விழுவது ஒரு கேள்விதான். "வேற யாரு கூப்பிடுறாங்க?"

நிரலில் எதையாவது நீக்கலாம் என்று யார் சொன்னாலும் இதைத்தான் கேட்பார். கெர்னலில் ஒரு பகுதி வேலைசெய்ய இன்னொரு பகுதியை அழைக்கும். அப்படி அழைக்கப்படும் துண்டை ஃபங்ஷன் என்பார்கள். வேறு யாரும் அழைக்கவில்லை என்று உறுதியானால்தான் அதை எடுக்க விடுவார். இந்தப் பழக்கம் கணினிக்கு வெளியேயும் அவரை விடவில்லை. ஆபீஸ் பின்பக்கம் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று தொட்டியிலிருந்து கிளம்பிச் சுவருக்குள் போனது. எங்கள் வீட்டுக்குள் அது எங்குமே வெளிவரவில்லை. அறுத்துவிடலாம் என்று முதலாளி பிளம்பரை வரவழைத்திருந்தார். இவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு பிளம்பரிடமே அந்தக் கேள்வியைக் கேட்டார். பிளம்பர் தன் செல்போனை எடுத்துப் பார்த்து, யாரும் கூப்பிடவில்லையே என்றார். பிறகு இவரே சுவரைச் சுற்றிக்கொண்டு போனார். குழாய் பின்வீட்டுச் சமையலறையில் போய் முடிந்தது. அந்த வீட்டுக்கு வந்த தண்ணீர் முழுவதும் அதன் வழியாகத்தான்.

இன்னொரு பழக்கம், எழுதியிருப்பதை அவர் நம்பமாட்டார். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் அதை என்னவாகச் செய்து கொடுத்திருக்கிறது என்று திறந்து பார்ப்பார். நான் சேர்ந்த புதிதில் அவர் திரையில் இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கம் அவர் எழுதியது, வலப்பக்கம் கம்பைலர் ஆக்கியது. அச்சகத்தில் கையெழுத்துப் படியையும் மெய்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமே, அப்படி. அதனால்தான் எனக்கு அவரோடு சட்டென்று பேச்சு ஒத்துப்போனது. நானும் பதிலுக்குக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு ஃபங்ஷனை அழைப்பதென்றால், செய்யும் வேலையை நிறுத்தி, எங்கே நிறுத்தினோம் என்று குறித்துவைத்து, வேறிடம் போய், அங்கே உள்ளதைச் செய்து திரும்புவது. புத்தகத்தில் 'பக்கம் நாற்பது பார்க்க' என்று போடுவதற்கு ஒப்பானது. சில நேரம் கம்பைலர் அப்படிப் போகச் சொல்லாமல், நாற்பதாம் பக்கத்தில் இருப்பதை எடுத்து இங்கேயே பதித்துவிடும். இதற்குப் பெயர் இன்லைன். சின்னத் துண்டு என்றால் பதிக்கும். போய்வரும் செலவைவிட அது மலிவு. பெரிய துண்டாக இருந்து பல இடங்கள் அதை அழைத்தால் பதிக்காது; இடத்துக்கு ஒரு நகல் வைத்தால் புத்தகம் வீங்கிவிடும். அபூர்வமாகவே போகும் வழி என்று தெரிந்தால் பெரும்பாலும் சும்மா விடும்.

நிரல் எழுதுபவர் 'இன்லைன்' என்ற சொல்லைத் தன் கையால் எழுதியும் வைக்கலாம். அப்படி எழுதினாலும் கம்பைலர் கேட்டே ஆகவேண்டும் என்றில்லை. "அப்ப எதுக்கு அத எழுதணும்?" என்று முதலாளி ஒரு பெரட்டில் கேட்டார்.

"நாங்க லீவு லெட்டர் எழுதிக் குடுக்குறோம்ல சார்" என்றார் இவர். "எழுதுறது எங்க சோலி. குடுக்குறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

கட்டாயப்படுத்தவும் கெர்னலில் சொற்கள் உண்டு. 'எப்படியும் பதி' என்று ஒன்று, 'பதிக்கவே கூடாது' என்று ஒன்று. அவருக்கு முன்பு இருந்த ஆள் வேகம் வரட்டும் என்று கண்ட இடத்திலெல்லாம் 'எப்படியும் பதி' போட்டுவைத்திருந்தார். இவர் ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, எடுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார். மிகச் சில இடங்களைத் தவிர எங்கும் வேகம் குறையவில்லை. கெர்னல்தான் இளைத்தது. மிஞ்சிய இடங்களில் ஏன் என்று காரணம் எழுதினார். கம்பைலருக்குத் தெரியாதது நமக்கு ஏதாவது தெரிந்திருந்தால் மட்டும் அதைக் கட்டாயப்படுத்தலாம் என்பது அவர் கட்சி. என்ன தெரிந்திருந்தது என்பதைக் கீழே எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி என் பங்கு. ஜூலை 8, வியாழன். வடகவுஞ்சிப் பெட்டியின் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மழை அளவும் இரண்டு தடவை பதிவாகியிருந்தது: அளந்தபோது ஒரு வரி, அனுப்பும்போது அதே வரி மறுபடியும். மெய்ப்புத் திருத்தியவன் கண்ணில் இரட்டித்து வந்த வரி பட்டால் கை சும்மா இருக்காது. அவரிடம் போய், இதில் ஒன்றை அடித்துவிடலாமே என்றேன். அந்த வரியை எழுதும் ஃபங்ஷனைத் தேடிப் பார்த்தார்.

"வேற யாரு கூப்பிடுறாங்க?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். "இது போனாலும் இன்னும் ஒரு எடம் இருக்கு. ஒண்ணும் ஆகாது." அளக்கும் இடத்தில் இருந்த அழைப்பு வரியை எடுத்தார். மறுநாளிலிருந்து என் குறிப்புகள் சுத்தமாக வந்தன. எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒன்றும் நடக்கவில்லை. அக்டோபர் 19 காலையில்தான் மேலே சொன்ன போன் வந்தது.

பேசியவர் அந்தப் பெட்டி நிற்கும் நிலத்துக்காரர், பூண்டு விவசாயி. அந்த நிலத்துக்குக் கீழே பதினோரு வீடுகள். போன மழைக்காலத்திலேயே அங்கே சரிவு வெடித்திருந்தது. அதனால்தான் பெட்டியை அங்கே வைத்தோம். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"லைட்டு எரிஞ்சாப்லயே கெடக்கும்மா. ஆனா பேச மாட்டேங்குது. இங்க ஊத்துது."

மழை கனத்ததால் முதலாளியும் அன்று சீக்கிரமே வந்திருந்தார். அணைத்துப் போடச் சொல்லலாம், ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றார். பெட்டி வேலை செய்யவில்லை என்று ஊரில் சொன்னால் அடுத்த ஊரில் யார் வைக்க விடுவார்கள் என்பது அவர் கவலை. அதுவும் பொய்யான கவலை அல்ல. ஐந்து பேர் சம்பளம் அதில் இருந்தது.

"அணைச்சுப் போட்டா அது பேசும் சார்" என்றார் இவர். "அடுத்து எப்ப நிறுத்தும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியல." பிறகு போனைக் கையில் எடுத்தார். "அண்ணே, பொட்டிய நம்பாதீங்க. பதினோரு வீட்டு ஆளுகளும் வெரசா ஸ்கூலுக்குப் போயிருங்க. நான் சொல்ற வரைக்கும் திரும்ப வேண்டாம்."

நிலத்துக்காரர் மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"ஏம்மா, நீங்கதான அன்னைக்கு வந்து, இத நம்பி இருங்கன்னு சொன்னீங்க?"

"ஆமாண்ணே. இப்ப நம்பாதீங்கன்னும் நாந்தான் சொல்றேன்."

அவர்கள் போனார்கள். நான்கு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மாடுகளை அவிழ்த்துக்கட்ட ஆண்கள் மட்டும் பகலில் போய்வந்தார்கள். தினமும் யாராவது போன் செய்து, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் இனி வைத்திருக்க முடியாது என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். தவறு எங்கே என்று தெரியாமல் அவர்களைத் திருப்பி அனுப்ப இவரால் முடியவில்லை.

ஆபீஸ் மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் ஜூன் மாதக் கெர்னல், மற்றதில் இப்போதையது. மலையில் கனமழையில் சிக்னல் மங்கும் என்பதால் இரண்டின் ஆன்டெனாவையும் சமையலறை அலுமினியத் தாளால் சுற்றினார். செம்பால் மழைமானியில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சிக்னல் கிடைக்காமல் மறுபடி மறுபடி அனுப்ப முயலும்போது புதுப் பெட்டி உறைந்தது. பழையது உறையவில்லை. இரண்டுக்கும் நடுவே மாற்றங்கள் ஒன்பதுதான். எட்டைச் சோதித்து ஒதுக்கினார். ஒன்பதாவது, நான் அடிக்கச் சொன்ன வரி. "இதுல என்ன இருக்கப் போவுது" என்றுதான் அதையும் திறந்தார்.

அக்டோபர் 22, வெள்ளி, காலை 11.40. கட்டி முடித்த கெர்னலில் இருக்கும் ஃபங்ஷன்களின் பெயர்ப் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஆளக் காணோம்ணே" என்றார்.

அந்த வரியை எழுதும் ஃபங்ஷன் அவர் எழுதிய நிரலில் இருந்தது. கம்பைலர் ஆக்கித் தந்ததில் அந்தப் பெயரே இல்லை. இரண்டு இடங்கள் அதை அழைத்தவரை, பெரியது என்று அதைத் தனியாக விட்டுவைத்திருந்தது. நான் ஒன்றை அடிக்கச் சொன்ன பிறகு மிஞ்சியது ஒரே இடம். கோப்புக்கு வெளியே யாரும் அழைக்க முடியாத ஒரு ஃபங்ஷனை, உள்ளேயும் ஒரே ஓர் இடம்தான் அழைக்கிறது என்றால் தனிநகல் வைத்திருப்பதில் லாபமில்லை. அதனால் கம்பைலர் அளவைப் பெரிதாகப் பார்க்காமல் அந்த ஓரிடத்திலேயே பதித்துவிடும். இதிலும் அப்படித்தான் செய்திருந்தது. கணக்குப்படி அது செய்தது சரி.

சரியான ஒன்று ஏன் பெட்டியை உறையவைக்க வேண்டும் என்று கேட்டேன். எனக்காக அவர் சொன்னதை அன்றே எழுதிவைத்தேன்.

"எங்க அம்மா இருந்த தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல, குடும்பத்துக்கு ஒரே காம்பரா, ஒரே ரூம்பு. விருந்தாளி வந்து பாய விரிச்சுப் படுத்து, எந்திரிச்சுச் சுருட்டிட்டுப் போனா காம்பரா காலி. அடுத்த ஆளு வரலாம். அதே விருந்தாளிய வீட்டாளாச் சேத்துக்கிட்டா? பாய் விரிச்சபடியே கெடக்கும். அதுக்கு மேல உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் நெருக்கிக்கிட்டு நிக்கணும்."

கெர்னலில் ஒரு வேலை நடக்கும்போது அதற்குத் தரப்படும் தற்காலிக இடம் மிகச் சிறியது. எங்கள் பெட்டியில் எட்டு கிலோபைட். ஸ்டாக் என்பது அதன் பெயர். அந்த ஃபங்ஷன் வரியை எழுத ஐந்நூற்றுச் சொச்சம் பைட்டுக்குப் பாய் விரிக்கும். முன்பெல்லாம் எழுதிவிட்டுச் சுருட்டிக்கொண்டு போய்விடும். இப்போது அழைத்தவருக்குள்ளேயே பதிந்துவிட்டதால், அதற்குப் பிறகு நடக்கும் அனுப்பும் வேலை முழுவதும் அந்தப் பாய் விரிந்தே கிடந்தது. சாதாரண நாளில் இடம் போதும். சிக்னல் மங்கி, மறுமுயற்சி என்று அழைப்புக்குள் அழைப்பாக ஆழம் போகும்போது போதவில்லை. அதாவது, கனமழையில். பெட்டி பேசியே ஆகவேண்டிய நேரத்தில் மட்டும்.

செம்பு என் கையிலேயே இருந்தது. "அது நான் சொன்ன வரிம்மா" என்றேன்.

"வரி நீங்க சொன்னது. வேற யாரு கூப்பிடுறாங்கன்னு கேட்டது நானு. பூஜ்யமான்னு பாத்தேன், ஒண்ணான்னு பாக்கல." பட்டியலை மூடிவிட்டு, "இந்த விதி எனக்குத் தெரியும்ணே. காலேஜ்லயே படிச்சேன்" என்றார்.

அடித்த வரியைத் திரும்பப் போட்டுவிடலாமா என்றேன். அவர் ஒப்பவில்லை. இரட்டை வரி தவறுதான், அதை முட்டுக்கொடுக்க வைத்திருக்கக்கூடாது, வேண்டாம் என்பதை வேண்டாம் என்றே எழுதிவிடலாம் என்றார். ஃபங்ஷனின் தலையில் 'பதிக்கவே கூடாது' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தார். அதற்குக் கீழே நான்கு வரி காரணம்: இது ஓரிடத்திலிருந்து மட்டும் அழைக்கப்படுகிறது, உள்ளே போனால் ஸ்டாக் தாங்காது, மழையில் தெரியும். ஒரு ஃபங்ஷன் ஓரளவுக்கு மேல் இடம் பிடித்தால் கம்பைலர் எச்சரிக்கும்; அந்த வரம்பு பெரிதாக இருந்ததால்தான் இது சத்தமில்லாமல் தப்பித்திருந்தது. அந்த வரம்பையும் குறைத்தார்.

பிற்பகலில் முதலாளி வந்தார். ஊரில் எழுத்தில் விளக்கம் கேட்கிறார்கள், யார் சொல்லி இந்த மாற்றம் செய்தது என்று தனக்குத் தெரியவேண்டும் என்றார். ஐந்து பேரில் நான் மட்டும் மாதாமாதம் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும் ஆள். என்னை அனுப்பிவிட்டால் ஊருக்கும் ஒரு பதில் சொன்னதாக இருக்கும் என்பதை நாங்கள் மூவருமே புரிந்துகொண்டிருந்தோம்.

மாற்றப் பதிவை முதலாளியே திறந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கெர்னலைப் பார்க்கும் இவர் குறிப்பு எழுதுவார். கடைசியில் 'பரிந்துரை' என்று ஒரு வரி இருக்கும். யோசனை சொன்னவர் பெயரை விடவேமாட்டார். தண்ணீர் கேன் போட வருபவர், சைரன் ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கிறது என்று சொல்லப்போய் அவர் பெயரும் ஒரு பதிவில் ஏறியிருக்கிறது. என் பெயர் பதினேழு இடங்களில் இருக்கிறது, பிறகு எண்ணினேன். ஜூலை 8 பதிவில் மட்டும் அந்த வரி இல்லை. முதலாளி தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன்.

நான் சொல்ல வாயெடுத்தேன். "நாந்தான் சார் எடுத்தேன்" என்றார் அவர். "எழுதிக் குடுக்குறேன். அண்ணே, செம்ப எடுங்க, இன்னொரு தடவ ஊத்திப் பாத்துருவோம்." நான் செம்பை எடுத்தேன். அன்று நான் பேசவில்லை என்பதையும் இங்கே பதிகிறேன். மழைக்காலம் முடிந்த பிறகு முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். முடிஞ்சத விடுங்க என்றுவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை கெர்னலைத் திருத்தியவரே வடகவுஞ்சி போய்ப் பெட்டியில் புதுக் கெர்னலை ஏற்றினார். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, என்ன நடந்தது, யார் தவறு என்று சொன்னாராம். தவறு என்று அவர் சொன்னது தன்னுடையதை.

நவம்பர் 27, சனி, மாலை 4.05க்கு அந்தப் பெட்டி கத்தியது. ஐந்து மணிக்குள் சரிவு இறங்கி, இரண்டு வீடுகளின் பின்சுவர்வரை மண் நிறைந்தது. காயப்போட்டிருந்த பூண்டு போயிற்று. வீடுகளில் யாரும் இல்லை. நிலத்துக்காரர் அவருக்கு போன் செய்தார். "கத்துச்சும்மா. நாங்களும் நம்பிட்டோம்" என்றார். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் நான் அந்த ஆபீஸில் சம்பளம் வாங்கினேன். என் மகள் படிப்பை முடித்தது அந்தச் சம்பளத்தில்தான்.

அடுத்த ஜூனில் அவர் வேறு வேலைக்குக் கிளம்பிப் போனார். இப்போது கடலோர நகரம் ஒன்றில் இருக்கிறார். ஆண்டுக்கு இரண்டு மூன்று மின்னஞ்சல்கள் எழுதுவோம். ஒரு கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டேன். அம்மா நலமா? புதிய கம்பைலர் எப்படி? ஜூலை 8 பதிவில் என் பெயரை எழுதிவிட்டுப் பிறகு எடுத்தீர்களா? முதல் இரண்டுக்கும் விரிவாகப் பதில் எழுதியிருந்தார்.

மாற்றப் பதிவு ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேதிகள் உண்டு: முதலில் எழுதிய நாள், கடைசியாகக் கைவைத்த நாள். ஓர் எழுத்தை மாற்றினாலும் இரண்டாவது தேதி மாறிவிடும். முதலாளி பதிவைத் திறந்த அன்று அந்த இரண்டாவது தேதியும் திரையில் இருந்திருக்க வேண்டும். எதற்கும் தேதி குறிக்கும் நான் அதைப் பார்க்கவில்லை. பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நவம்பர் முதல் வாரத்தில் எல்லா மாற்றங்களையும் அவர் புதிய கெர்னல் பதிப்பின் மேல் எடுத்துவைத்தார். அதனால் இன்று எல்லாப் பதிவுகளிலும் இரண்டாவது தேதி அந்த வாரத்தையே காட்டுகிறது. ஆபீஸ் கணினிகளில் பழைய நகலைத் தேடினேன். கிடைக்கவில்லை.

ஜூலையில் அவர் என் பெயரை எழுத மறந்தாரா, எழுதியதை அக்டோபர் 22 அன்று முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் நடுவே நீக்கினாரா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.